ஜஸ்ரின் பாடிய நாடா

ஜஸ்ரினின் குரல் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை என்றுதான் குருநகரில் எல்லாரும் சொல்லிவந்தார்கள். கலங்கரை இசைக்குழுவின் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவனும் முதலில் பாடியவனும் அவன்தான். ஆனால் அந்தக் குழுவின் ஒரே கசற் நாடா வெளிவந்தபோது அவன் இல்லை. கடலில் கடற்படையின் சூடு அடிக்கடி விழுந்த காலம் அது. எண்பத்தைந்தாம் ஆண்டு இரண்டு பேருடன் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகும் திரும்பவில்லை. அடுத்த வருடம் அவனுடைய கூட்டாளி வின்சன்ற் அந்தப் பாட்டுகளைப் பாடினான். கசற் வெளிவந்தது. தென்மேற்குக் காற்று ஓய்ந்ததும் கரை திரும்புவேன் என்று சொல்லும் 'சோழகம் ஓய்ந்தால் வருவேன்' என்ற பாட்டு கலியாண வீடுகளிலும் மினிபஸ்களிலும் கோயில் பெருநாள்களிலும் ஒலித்து, சனம் வெளிநாடு போனபோது அவர்களோடு பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனது. கரையோரத்தில் வின்சன்ற் பாடாத பெருநாள் மேடை இல்லை என்று ஆயிற்று.

அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள்தான் நிரோஜாவும். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் பஸ்ஸில் வந்து, பழைய இசை நாடாக்களைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்னக் காப்பகத்தில் வேலை செய்தாள். பூஞ்சணம் பிடித்த நாடாக்களைத் துடைத்து, மெசினில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுவது அவளுடைய வேலை. காப்பகத்தை நடத்தியவர் ஜெயசுதன். கனடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்படியான நாடாக்களைத் தேடி வீடு வீடாக அலைபவர்.

நெல்லியடியில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை அவர்தான் கொண்டுவந்தார். முன்பு நகரத்தில் ரெக்கோடிங் பார் என்னும் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்து, போர்க்கால இடப்பெயர்வோடு கடையைக் கைவிட்ட ஒருவரின் வீடு அது. அவர் இறந்து, பிள்ளைகள் அறையைத் துப்புரவாக்கும்போது பெட்டிகளை எரிக்காமல் வைத்திருந்தார்கள். முக்கால்வாசி நாடாக்கள் ஒட்டிப்போய்க் கிடந்தன. அடியில் கிடந்த ஒரு ஸ்பூல் நாடா மட்டும் நன்றாக இருந்தது. மட்டைப் பெட்டியில், "குருநகர்ப் பொடியள் - மாதிரி" என்று எழுதியிருந்தது.

நிரோஜா அதை மெசினில் போட்டு ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரம் இரைச்சல். கிற்றாரின் கம்பியை யாரோ சரிபார்க்கும் சத்தம். பிறகு பாட்டு தொடங்கியது. சோழகம் ஓய்ந்தால் வருவேன்.

கசற்றில் உள்ள வாத்தியங்கள் எதுவும் இல்லை. ஒரு கிற்றார், மேசையில் விரலால் தட்டும் தாளம், ஒரு இளங்குரல். அந்தக் குரலுக்கு வயது இருபதுக்கு மேல் இராது. பாட்டு முழுதாக முடிந்தது. பிறகு அதே பாட்டை இன்னொரு குரல் தொடங்கியது. அது தடித்து, அடைத்த குரல். சரணத்தில் ஒரு இடத்தில் தடுக்கி, இருமி, நின்றுவிட்டது. அதன் பிறகு தூரத்தில் யாரோ கதைக்கும் முணுமுணுப்பும் இரைச்சலும்தான்.

"சுதன் அண்ணை, ஒருக்கா வாங்கோ" என்று நிரோஜா கத்தினாள்.

ஜெயசுதன் கேட்டார். முதற்பாட்டு முடிந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"இது கசற்றுக்கு முந்தினது. வானொலிக்கு அனுப்ப மாதிரி ஒண்டு அடிச்சவங்கள், பிறகு அது துலைஞ்சுபோச்செண்டு சொல்லுவினம். அப்ப ஜஸ்ரின் உயிரோட இருந்தவன். நிரோஜா, இது ஜஸ்ரின்."

"முதல் பாடினவரோ, ரண்டாவதோ?"

"உதென்ன கேள்வி? முதலாவதுதான். கேட்டாத் தெரியேல்லையே? வின்சன்ற் அவனைப் பாத்துப் பாடப் பழகினவர். அதுதான் சாயல் இருக்கு. மற்றது ஆரோ கூடப் போன பொடியன்."

வின்சன்றிடம் கேட்டால் உடனே தெரிந்திருக்கும். அவர் அப்போது மகளின் பிரசவத்துக்காக மன்னாரில் நின்றார். வரட்டும், வந்ததும் அவருக்குத் திடீரென்று போட்டுக்காட்டலாம் என்று ஜெயசுதன் ஆசைப்பட்டார். ஆனால் ஜஸ்ரினின் மனைவியைக் காக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஜஸ்ரினின் மனைவி அற்புதராணி குருநகர்த் தொடர்மாடிக் குடியிருப்பில் மகள் றொசாந்தியோடு இருந்தார். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர். மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். அற்புதராணி வேறு கலியாணம் செய்யவில்லை. றொசாந்தி நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கும் வேலைக்குப் போனாள். புருஷன் அவளை விட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டது.

இரண்டு பேரும் காப்பகத்துக்கு வந்தார்கள். அற்புதராணி பூசைக்குப் போகும் சேலையைக் கட்டியிருந்தார். ஹெட்போனைப் போட அவருக்குக் கூச்சமாக இருந்ததால், நிரோஜா பெரிய ஸ்பீக்கரில் போட்டாள்.

பாட்டின் முதல் வரியிலேயே அற்புதராணி எழுந்து நின்றார். கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்தன, சத்தம் வரவில்லை. பாட்டு முடிந்ததும், "இவர்தான்" என்றார். "இவர்தான் பிள்ளை. நான் இந்தக் குரலைத்தான் இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

றொசாந்தி அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாக அவள் தகப்பனின் குரலைக் கேட்கிறாள்.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் அற்புதராணி முகத்தைச் சுளித்தார். "உது ஆர்? உதை நிப்பாட்டு பிள்ளை. ஆரோ இருமுறான். எங்களுக்குத் தாற கொப்பியில உதை எடுத்துவிடு."

நிரோஜா எடுத்துவிட்டாள். முதற்பாட்டை மட்டும் இரைச்சல் நீக்கி றொசாந்தியின் தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் இரவும் பகலும் அதுதான் பாடியது. அற்புதராணி காலையில் தேத்தண்ணி வைக்கும்போதும் பாட்டு ஓடியது, படுக்கும்போதும் ஓடியது. அயல் வீட்டுச் சனங்களைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். ஜேர்மனியிலுள்ள தம்பிக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினார். காப்பகத்துக்கு ஒருநாள் பொரித்த கணவாயோடு வந்து, நிரோஜாவின் கையைப் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். இந்த வேலைக்கு வந்ததற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நிரோஜா அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனாள். ஜெயசுதன் நகரத்தில் மண்டபம் எடுத்து, பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, அற்புதராணியின் கையால் அந்தப் பதிவை வெளியிடத் திட்டமிட்டார்.

வின்சன்ற் மன்னாரிலிருந்து வந்து இறங்கிய அடுத்த நாளே காப்பகத்துக்கு வந்தார். அறுபது வயதை எட்டிய, வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாயோடு எப்போதும் பகிடி விடும் மனிதர். "என்ன புதையல் எடுத்து வைச்சிருக்கிறியள்?" என்று சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நிரோஜா முழு நாடாவையும் ஓடவிட்டாள்.

முதற்பாட்டு ஓடும்போது அவர் சிரித்தபடி இருந்தார். தலையை ஆட்டினார். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் சிரிப்பு நின்றது. இருமல் வந்த இடத்தில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஜஸ்ரின்" என்றார். "டேய் ஜஸ்ரின்."

ஜெயசுதன் நிரோஜாவைப் பார்த்தார்.

"அங்கிள், முதலாவதைச் சொல்லுறியளோ?" என்று நிரோஜா கேட்டாள்.

"முதலாவது நானெல்லோ. அப்ப எனக்கு மீசையும் வடிவா முளைக்கேல்லை. அண்டைக்கு ஜஸ்ரினுக்குச் சரியான தடிமன், மூக்கடைச்சு இருமல். முதல் நாள் மழைக்குள்ள தொழிலுக்குப் போட்டு வந்தவன். ரெக்கோடிங் பார்க்காரர் சத்தம் சரிபாக்கிறதுக்கு ஆரும் ஒருக்காப் பாடுங்கோ எண்டார். நான் பாடினன். பிறகு அவன் பாடினான். ஏலாமப் போச்சு. இன்னொரு நாளைக்கு வந்து அடிப்பமெண்டு வந்திட்டம்." அவர் நிறுத்தினார். "அந்த இன்னொரு நாள் வரேல்லை."

நிரோஜா கணினிக்குத் திரும்பினாள். நாடாவின் கடைசியில் இருந்த முணுமுணுப்பை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. அவள் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். இரைச்சலுக்குள்ளிருந்து, அந்த அடைத்த குரல் தெளிவாகவே கதைத்தது.

"எனக்கு இண்டைக்கு ஏலாது அண்ணை. தொண்டை அடைச்சுப்போச்சு. வேணுமெண்டா வின்சன்ற் பாடினதை அனுப்புங்கோ."

அற்புதராணி கேட்டதையும் சொன்னதையும் ஜெயசுதன் மெல்ல விளங்கப்படுத்தினார். வின்சன்றின் முகம் செத்துப்போயிற்று.

"ராணிக்குச் சொல்லாதேங்கோ" என்றார். "என்ரை பேர் வேண்டாம். அது அவன்ரை குரலெண்டே இருக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

"அப்ப ஜஸ்ரின் பாடினதை என்ன செய்யிறது?" என்று ஜெயசுதன் கேட்டார். "அழிக்கிறதோ? அவன்ரை குரல் எண்டு உலகத்தில இருக்கிறது அது மட்டும்தான்."

வின்சன்ற் எழுந்து போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

நிரோஜா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் பதிவை வெளியிட்டால், அந்த நாளில் கூடப் போன யாராவது ஒருவர் எங்கோ ஒரு நாட்டிலிருந்து உண்மையை எழுதிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவரின் வாயால் அற்புதராணி அதை அறியக்கூடாது. அதைவிட, றொசாந்தியை நினைத்தபோது அவளுக்கு மனம் கேட்கவில்லை. தகப்பனின் குரல் கணினியில் கிடக்க, மகள் வேறொருவனின் பாட்டைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

பின்னேரம் றொசாந்தி வேலையால் வரும் நேரம் பார்த்து நிரோஜா தொடர்மாடிக்குப் போனாள். படியேறும்போதே அந்தப் பாட்டுக் கேட்டது.

"வா பிள்ளை, வா. தேத்தண்ணி குடி" என்று அற்புதராணி வரவேற்றார். "மண்டபத்துக்கு என்ன நிறச் சேலை கட்டலாமெண்டு இவளோட சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

"அன்ரி, பாட்டை ஒருக்கா நிப்பாட்டுவமோ? ஒரு விசயம் கதைக்கவேணும்."

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டுமென்று அவள் வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். அப்படியே சொன்னாள். முதலில் பாடியது வின்சன்ற், இருமியவர்தான் ஜஸ்ரின் என்றாள். பிழை எங்களுடையது, விசாரிக்காமல் உங்களைக் கூப்பிட்டுவிட்டோம் என்றாள்.

அற்புதராணி சிரித்தார். "விசர்க் கதை கதையாதை. என்ரை மனுசன்ரை குரல் எனக்குத் தெரியாதே?"

"வின்சன்ற் அங்கிள்தான் சொன்னவர்."

"அவனுக்கு வயசு போச்சு. மறந்துபோனான்."

நிரோஜா தொலைபேசியை எடுத்து, கடைசித் துண்டைப் போட்டாள். எனக்கு இண்டைக்கு ஏலாது அண்ணை. வேணுமெண்டா வின்சன்ற் பாடினதை அனுப்புங்கோ.

கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "திருப்பிப் போடு" என்றார் அற்புதராணி. நிரோஜா போட்டாள். "பாட்டையும் போடு." அதையும் போட்டாள். பாட்டு தடுக்கி, இருமலில் நின்றது. அற்புதராணி தலையைச் சரித்து, கண்ணை மூடி, காதுக்குப் பக்கத்தில் தொலைபேசியை வைத்துத் திரும்பவும் கேட்டார். நெற்றி வியர்த்தது. இருட்டில் சாவியைத் தடவித் தேடுகிறவரைப்போல அந்தக் குரலுக்குள் எதையோ தேடினார்.

பிறகு கண்ணைத் திறந்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார். "இது ஆரோ ஒரு பொடியன்."

"தடிமன் அன்ரி. அதாலதான்..."

"தடிமனெண்டா என்ன? அவர் தடிமனோட என்னோட கதைக்கேல்லையே? கோவத்தில கதைச்சவர், நித்திரையில கதைச்சவர். எனக்குத் தெரியவேணுமெல்லோ." அவருடைய குரல் உடைந்தது. "பிள்ளை, நான் சமைக்கேக்கை அவர் பின்னால நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கும். எப்பவும் இருக்கும். இவளுக்கு அம்மை வந்த நேரம் விடிய விடிய எனக்குப் பக்கத்தில இருந்து கதைச்சவர். இயக்கம் சண்டைக்கெண்டு பொடியளைப் பிடிச்ச நேரம், செல் விழுந்த நேரம், ஒவ்வொரு இடமா ஓடின நேரம், எல்லாத்துக்கையும் அந்தக் குரலைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் இருந்தனான். அது வின்சன்றின்ரை குரலெண்டா, இவ்வளவு காலமும் என்னோட கதைச்சது ஆர்?"

நிரோஜா தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அவனில பிழையில்லை" என்று அற்புதராணி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "பெருநாளில பாடினான். பஸ்ஸில பாடினான். கலியாண வீட்டில பாடினான். நானும் போய் முன்வரிசையில இருந்து கேட்டனான். இவர் பாடின பாட்டெண்டு ஆசையில கேட்டனான். கேட்டுக் கேட்டு இவரைத் துடைச்சுப்போட்டன்."

றொசாந்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். நிரோஜாவின் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ. ரண்டாவதை."

"என்னத்துக்கு?" என்றார் அற்புதராணி.

"அப்பா கதைக்கிறாரம்மா. இருமுறார். எனக்கு அது காணும், வேற வேண்டாம்."

"உனக்குக் காணும். நீ அவரைக் காணாதவள். எதைத் தந்தாலும் உனக்குக் காணும்." சொன்ன உடனேயே அற்புதராணி வாயைப் பொத்திக்கொண்டார். றொசாந்தி எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழும் சத்தம் கேட்டது.

நிரோஜா படியிறங்கிப் போகும்போது யாரும் அவளை வழியனுப்ப வரவில்லை.

மண்டப நிகழ்ச்சி நடக்கவில்லை. இரண்டு பாட்டுகளையும் சரியான பெயர்களோடு ஜெயசுதன் இணையத்தில் போட்டார். தன்னுடைய பெயர் எங்கும் வரக்கூடாது என்று மட்டும் அற்புதராணி சொல்லியனுப்பியிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஜஸ்ரினின் இருமலைக் கேட்டு அழுதோம் என்று எழுதினார்கள். நிரோஜா அவற்றை வாசிப்பதை விட்டுவிட்டாள். அவளுடைய மேசையில் பத்துப் பன்னிரண்டு நாடாக்கள் துடைக்கப்படாமல் சேர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இதற்குள் யார் இருக்கிறாரோ, இதைக் கேட்டு எந்த வீடு இடியப்போகிறதோ என்று கை பின்வாங்கியது. ஜெயசுதனிடம் ஒருநாள் அதைச் சொன்னாள். அவர், "நாங்கள் நல்லதெண்டுதானே செய்தனாங்கள்" என்றார்.

வின்சன்ற் ஒருமுறை தொடர்மாடிக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது. அற்புதராணி கதவைத் திறந்து, இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்தார். மகளையும் பிறந்த குழந்தையையும் பற்றி விசாரித்தார். அவர் போக எழும்பியபோது, "வின்சன்ற், நீ கதைக்கிறதைக் கேக்க எனக்கு ஏலாமக் கிடக்கு. கோவிக்காதை. இனி வராதை" என்றார். வின்சன்ற் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நவம்பரில் றொசாந்தி நிரோஜாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், வர ஏலுமோ என்று கேட்டாள்.

"ஒவ்வொரு வருசமும் குடுக்கிறனீங்களோ அக்கா?"

"இல்லை. இதுதான் முதல். அம்மா ஒருநாளும் விடேல்லை. செத்தவைக்கெல்லோ இளைப்பாற்றிப் பூசை, அவர் செத்ததை ஆர் கண்டதெண்டு சண்டை பிடிப்பா. இப்ப அவாவே போய்ச் சுவாமியிட்டைச் சொல்லியிருக்கிறா." றொசாந்தி குரலைத் தாழ்த்தினாள். "பாட்டுப் பூசை வேண்டாமாம். சும்மா பூசை காணுமாம்."

விடியற்காலைப் பூசை. நிரோஜா முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாள். சைவக்காரியான அவளுக்கு எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் செய்தாள். பாடகர் குழு இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. ஆர்மோனியத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். கடைசி வரிசை வாங்கில் வின்சன்ற் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

பூசை செய்த சுவாமி மன்றாட்டில் இறந்தவரின் பெயரைச் சொன்னார். றொசாந்தி தேம்பினாள். அற்புதராணி கறுப்புச் சேலை கட்டியிருந்தார். அவர் அழவில்லை. கையில் செபமாலை இருந்தது, ஆனால் மணிகளை உருட்டவில்லை. பீடத்தைப் பார்த்தபடி, யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து அலுத்துப்போனவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நிரோஜா அவருக்குக் கிட்டப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அதற்குள் அற்புதராணி அவளுடைய கன்னத்தைத் தொட்டார்.

"நீ சொன்னது சரி பிள்ளை. உன்னில எனக்குக் கோவமில்லை." கடலைப் பார்த்தார். "இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை. சமைக்கேக்கையும் இல்லை, படுக்கேக்கையும் இல்லை. அதுதான் பூசை குடுத்தனான். இந்த வருசம்தான் அவர் செத்தவர்."

றொசாந்தி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தொடர்மாடிப் பக்கமாக நடந்தார்கள். அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை வின்சன்ற் கோயில் வாசலிலேயே நின்றார். பிறகு எதிர்ப்பக்கமாக நடந்து போனார்.